மாமாவுக்கு விடியும் நேரம்

உங்கள் காத்திருப்பறை நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன, டாக்டர். முதுகுக்கு இதம், தலை சாய்க்க வாகு. மாமா உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். காலை பத்து மணிக்கு மற்றவர்கள் எல்லாரும் கைபேசியும் செய்தித்தாளுமாக விழித்திருக்கிறார்கள், அவர் மட்டும் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார் என்று உங்கள் உதவியாளர் கொஞ்சம் சங்கடப்பட்டார். அவர் உடம்புக்கு இப்போது ஊரடங்கிய நேரம். விழித்திருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

என் மனைவி கீழே மருந்துக் கடையில் நிற்கிறாள். வரிசை நீளம். அவள் மேலே வருவதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சற்று முன் எழுதிய அறிக்கையில் ஒரு வார்த்தை தவறு. மாமா கையில் கட்டியிருக்கும் தூக்கப் பட்டை பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழுதில்லை. அதைச் சொல்லத்தான் பாதிப் படிக்கட்டிலிருந்து திரும்பி வந்தேன்.

அந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கும். ரத்தம் பச்சை வெளிச்சத்தை விழுங்கும். இதயம் அடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் பச்சை கொஞ்சம் குறையும். அந்தக் கூடுதல் குறைவை எண்ணினால் நாடித் துடிப்பு. அதன் பக்கத்திலேயே கடுகளவு ஒரு அசைவுமானி. இன்னொரு மூலையில் தோலின் சூட்டைப் பார்க்கும் ஒரு புள்ளி. அவ்வளவுதான். தூக்கம் என்றால் என்னவென்று பட்டைக்குத் தெரியாது. அசைவு இல்லை, நாடி தணிந்திருக்கிறது, தோல் சூடேறியிருக்கிறது, அப்படியானால் ஆள் தூங்குகிறார் என்று ஊகிக்கிறது. எங்கள் மேலாளர் பேசும் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவர்களையும் சில சமயம் தூங்குவதாகச் சொல்லிவிடும். அதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பட்டையைச் சோதிப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்கிறேன். ஒருமுறை வேறொரு கம்பெனியின் பட்டையை வாங்கி ஒரு ரொட்டிக்குக் கட்டிப் பார்த்தோம். ரொட்டிக்கு நல்ல நாடித் துடிப்பு இருப்பதாகவும் அது ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பதாகவும் சொன்னது. எங்களுடையதைக் கட்டினோம். 'யாரும் அணியவில்லை' என்று காட்டிவிட்டுத் தானாக அணைந்துகொண்டது. ஆள் எது, ரொட்டி எது என்று பிரித்தறியும் அந்தப் பகுதியை எழுதியவன் நான். ஆகவே பழுது என்ற வார்த்தை எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுகிற வேலை. ஓட்டுநர்கள் அவரை 'எமன்' என்று கூப்பிடுவார்களாம், நேரம் வந்துவிட்டால் ஒரு விநாடி தரமாட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும். வாழ்நாளில் கைக்கடிகாரம் கட்டியதில்லை. மணி என்ன என்று கேட்டால் கண்ணை ஒருமுறை மூடித் திறந்து சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பினால் அது கடிகாரத்தின் தப்பு.

அத்தை தவறிப்போன பிறகு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குத் தனி அறை இருக்கிறது, சாப்பாட்டில் வம்பு கிடையாது, என் மனைவிக்கு அப்பா என்றால் உயிர். ஒரே ஒரு சிக்கல்தான்.

எனக்கு விடிகாலையில் ஒரு மணி நேரம் வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. எல்லாரும் தூங்கும்போது எழுந்து, சமையலறை மேசையில் காப்பியோடு உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் கேட்கும். அந்த ஒரு மணி நேரம் இருந்தால் மீதி நாளில் நான் நல்ல மனிதன். என் மனைவியே சொல்வாள்.

மாமாவும் அதே நேரத்தில்தான் எழுவார். நாற்பது வருஷம் முதல் வண்டியை அனுப்பியவர், உடம்பில் ஊறிவிட்டது. நான் முதல் வாய் காப்பியை விழுங்குவதற்குள் எதிரே வந்து உட்கார்வார்.

"மாப்பிள்ளை, மணி பாக்காம சொல்லுங்க பாப்போம், இப்ப என்ன நேரம்?"

நான் மணிக்கட்டைப் பார்ப்பேன், பழக்கதோஷம். அவர் சிரிப்பார்.

"மணி தெரிய மணிக்கட்டைப் பாக்கிறவன், பசி தெரிய அடுத்தவன் வயித்தைப் பாப்பான்."

அதன்பிறகு ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பும். எந்தத் தடத்தில் எந்த ஓட்டுநர் எப்போது தாமதமாக வந்தான், அவனை எப்படி மடக்கினார், அவன் என்ன சாக்குச் சொன்னான், அதற்கு இவர் என்ன சொன்னார். என் காப்பி ஆறிவிடும். கடைசி வண்டி போகும்போது என் மனைவி எழுந்து வந்துவிடுவாள். என் நேரம் முடிந்திருக்கும்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாமனாரிடம் கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று சொல்லிவிடலாம்தான். அதற்குப் பிறகு மகளிடம் பேசித் தீர வேண்டியிருக்கும், அது ஒரு மணி நேரத்தில் முடிகிற பேச்சு இல்லை. மேலும் அவர் நல்ல மனிதர். அவர் மனம் நோக நான் எதுவும் செய்ய விரும்பவில்லை. அதனால்தான் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் அவருடைய விடியலைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

இதில் ஒரு அழகு இருக்கிறது, டாக்டர், பொறுத்துக் கேளுங்கள். நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவது. தன்பாட்டில் விட்டால் தினமும் சற்றுப் பின்தங்கும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டு அதைத் தினமும் காதைத் திருகிச் சரிசெய்கிறது. அதே வெளிச்சம் வேறு நேரத்தில் பட்டால் வேறு வேலை செய்யும். தூங்கும்போது உடம்பின் உள்சூடு மெல்ல இறங்கி, விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அடிமட்டத்தைத் தொடும். அந்த அடிமட்டத்துக்கு முன்னால் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னுக்குப் போகும், பின்னால் பட்டால் முன்னுக்கு வரும். ஊஞ்சல் தள்ளுவது மாதிரிதான். எவ்வளவு பலம் என்பது பெரிதில்லை, எந்த நேரத்தில் கை வைக்கிறோம் என்பதுதான் பெரிது. சரியான நேரம் தெரிந்தால் சுண்டு விரல் போதும்.

அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்பு உள்ளே குளிர்வதற்காகச் சூட்டைக் கைகால் வழியாக வெளியே விடும். அதனால் தூங்குகிறவரின் மணிக்கட்டுத் தோல் சூடேறும். அந்த ஏற்றத்தை நாலைந்து நாள் பார்த்தால் உள்ளே அடிமட்டம் எப்போது என்று கணித்துவிடலாம். ஆக, மாமா கையில் ஒரு பட்டை ஏற வேண்டும்.

அவர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆம்பளைக்கு எதுக்கு வளையல்" என்றார். மகள் கெஞ்சிய பிறகு ஒரு நிபந்தனையோடு கையை நீட்டினார். நேரத்தில் அவருக்கும் அதற்கும் தகராறு வந்தால் அதுதான் திருத்திக்கொள்ள வேண்டும்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன அன்புதான். அவர் அறை ஜன்னலுக்குக் கனமான திரை தைத்துப் போட்டேன், உள்ளே கறுப்புத் துணி வைத்து. காலை வெயில் ஒரு கீற்று நுழையாது. அறையில் இருந்த மங்கல் விளக்கை எடுத்துவிட்டு, என் கைபேசியிலிருந்து கூட்டிக் குறைக்கக்கூடிய நல்ல வெள்ளை விளக்கு மாட்டினேன். இரவில் அதைக் கூட்டிவைத்து, படிக்க வசதி என்றேன். சாயங்காலக் காப்பியை இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கமாகத் தள்ளினேன், சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளினேன். எல்லாம் தினம் கால் மணி நேரம். கால் மணி நேரத்தை யார் கவனிப்பார்கள்? மாமா அக்கம்பக்கத்தாரிடமெல்லாம், பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் திரையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

இரண்டாவது வாரமே எனக்கு என் விடிகாலை கிடைத்துவிட்டது. நான் காப்பி முடித்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவர் எழுந்து வந்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் நினைத்தேன்.

ஆனால் கோடு வந்துகொண்டிருந்தது, டாக்டர். அவருடைய அடிமட்டப் புள்ளிகளை நாளுக்கு நாள் வரிசையாக வைத்தால் ஒரு கோடு வரும். நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய கோடுகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பூனை இழுத்துப்போட்ட நூல் மாதிரி இருக்கும். ஒருநாள் கல்யாண வீடு, ஒருநாள் பல்வலி, ஒருநாள் தொலைக்காட்சி. மாமாவுடையது ரூல் தடி வைத்து இழுத்த மாதிரி. நாற்பது வருஷம் நேரத்துக்கு அடங்கி நடந்த உடம்பு, தள்ளினால் தள்ளிய அளவுக்குத் துல்லியமாக நகர்ந்தது. அப்படி ஒரு உடம்பை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பெயர் போடாமல் அலுவலகத்தில் காட்டினேன். மேலாளர் அதைச் சுவரில் ஒட்டச் சொன்னார். இன்னும் எவ்வளவு தூரம் இந்தக் கோடு நேராகப் போகும் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. அறிவியல் ஆர்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் தள்ளிக்கொண்டே இருந்தேன். மாமா எழும் நேரம் காலைச் சாப்பாட்டைத் தாண்டியது. பிறகு மதியத்துக்குப் பக்கத்தில் வந்தது. என் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அப்பா இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று முதலில் சந்தோஷப்பட்டாள். வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு அவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. பட்டையில் எனக்கு அது நடையாகத் தெரியும். சோபாவிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து சோபாவுக்கு. நடை எண்ணிக்கை வயதுக்கு மிக நல்லது என்று அவளிடம் சொன்னேன்.

மாமா ஆரம்பத்தில் கடிகாரங்களோடு சண்டை போட்டார். கூடத்துக் கடிகாரம் முந்தி ஓடிவிட்டது என்றார், பேட்டரி மாற்றினார். பிறகு சமையலறைக் கடிகாரத்தையும் கழற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு ஓட்டுநர்களும் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள் என்பதுபோல. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல மாடிப்படியில் நிறுத்தி மணி கேட்டபோது மாமா கண்ணை மூடித் திறந்து ஏதோ ஒரு மணி சொன்னார். கேட்டவர் சிரித்துவிட்டு, "என்ன பெரியவரே, வண்டியை விட்டுட்டீங்களே" என்றார். மாமா அதன்பிறகு மாடிப்படிப் பக்கம் போவதில்லை.

பிறகு அந்தச் சாயங்காலம். தூங்கி எழுந்து, திரையை விலக்கி, ஜன்னலில் மங்கலான வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார். குளித்து, தலை சீவி, சட்டை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வேலை முடிந்து பையும் கையுமாக என் மனைவி உள்ளே நுழைகிறாள்.

"இவ்வளவு காலங்காத்தால எங்கம்மா போயிட்டு வர்ற?" என்றார்.

அவள் முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவருடைய புள்ளி கோட்டில் சரியாக விழுந்திருந்தது.

அவள் சமையலறைக்குப் போன பிறகு மாமா என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளை, மறைக்காம சொல்லுங்க. எனக்கு மூளை கலங்குதா?"

நான் பொய் சொல்லவில்லை, டாக்டர். வயதானால் இதெல்லாம் சகஜம் மாமா என்றேன். பொதுவாகப் பார்த்தால் அது உண்மைதானே. அவர் தலையாட்டினார். நீங்களாவது நேரா சொன்னீங்களே என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் அவரே முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்துப் பேசி வைத்துவிட்டார். நேரம் தெரியாதவன் அடுத்தவர் வீட்டில் இருக்கக் கூடாது, மகளை வேலைக்குப் போகவிடாமல் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும் என்றார். இந்த வெள்ளிக்கிழமை போகிறார். பெட்டி கட்டியாகிவிட்டது. என் மனைவி அழுது அடம்பிடித்து, போவதற்கு முன் ஒரே ஒரு தடவை நல்ல தூக்க டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றாள். உங்களிடம் வந்தது அப்படித்தான். டாக்டருக்கு உதவும் என்று பட்டையின் கோட்டை அச்செடுத்துக் கொண்டுவந்தது நான்தான். நல்ல கனமான தாளில்.

நீங்கள் அதை நன்றாகத்தான் பார்த்தீர்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "இது ஏறுது, ஏறுது, ஆறு நாள் ஏறுது, ஏழாவது நாள் நிக்குது. திரும்ப ஏறுது. உடம்பு ஞாயித்துக்கிழமை லீவு எடுக்காதும்மா. இந்த மெஷின்தான் கோளாறு" என்று என் மனைவியிடம் சொன்னீர்கள். பட்டையைக் கழற்றிப் போடச் சொன்னீர்கள். மற்றபடி இது வயதின் தடுமாற்றமாக இருக்கலாம், இல்லத்தில் கவனித்துக்கொள்ள ஆள் இருப்பது நல்லதுதான் என்றீர்கள். மாமா எழுந்து உங்களுக்குக் கும்பிடு போட்டார். என் மனைவி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே நடந்தாள்.

யோசித்துப் பாருங்கள், நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை அவர் போயிருப்பார். சனிக்கிழமை விடிகாலை எனக்கும் என் காப்பிக்கும் நடுவே ஒருவரும் இல்லை. படிக்கட்டில் பாதி இறங்கும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஆனால் அந்தக் கோளாறு என்ற வார்த்தை செருப்பில் புகுந்த கல் மாதிரி ஒவ்வொரு படிக்கும் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காரணம் இருக்கிறது, டாக்டர். ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வீட்டில் இருப்பாள். மாமா புரண்டு படுக்க ஆரம்பித்ததும் அறைக்குள் போய், நான் தைத்த திரையை இரண்டு கையாலும் விலக்கிவிடுவாள். அவரை எழுப்பிப் பால்கனிக்குக் கூட்டிப்போய் வெயிலில் உட்கார வைத்து நகம் வெட்டிவிடுவாள். அடிமட்டம் தாண்டிய நேரத்து வெயில், அதுவும் முகத்தில் நேராக. நான் ஆறு நாள் பின்னுக்குத் தள்ளியவரை அவள் ஒரு நகவெட்டியை வைத்துக்கொண்டு முன்னுக்கு இழுத்து அங்கேயே நிறுத்திவிடுவாள். என்ன இருந்தாலும் மகள். ஒரு ஞாயிறு வேறு காரணம் சொல்லி அவளைக் கடைக்கு அனுப்பிப் பார்த்தேன், அவள் அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நீங்கள் பார்த்த ஏழாவது நாள் இந்த ஞாயிறுகள்தான். ஒரு மனித உடம்பின் மீது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்த சண்டையைக் கால் மணி நேரம் பிசகாமல் பதிவு செய்திருக்கிறது அந்தப் பட்டை. நீங்கள் அதைக் கோளாறு என்கிறீர்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். திரை, விளக்கு, காப்பி, எல்லாம் என் கை. மாமாவின் மூளைக்கு ஒன்றும் இல்லை. அவர் கண்ணை மூடித் திறந்து சொன்ன மணி ஒவ்வொரு தடவையும் சரிதான், நான் அவரை வைத்திருந்த இடத்துக்கு அது சரியான மணி. உள்ளே அந்த டைம்கீப்பர் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நீங்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை. அவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவும் வழி வைத்திருக்கிறேன். வந்த வழியே முன்னுக்கு இழுப்பது உடம்புக்குக் கஷ்டம். பின்னுக்குத் தள்ளுவதுதான் சுலபம். ஆகவே இப்படியே தள்ளிக்கொண்டு போய், முழு வட்டம் சுற்றி, பழைய விடிகாலைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடலாம். இன்னும் சில மாதம்தான் ஆகும். கோடும் தடைபடாது. வேண்டாமா? சரி, தலையை அப்படி ஆட்ட வேண்டாம், உங்கள் விருப்பம். திரையை இன்றைக்கே கழற்றிவிடுகிறேன்.

படியில் காலடி கேட்கிறது, அவளாகத்தான் இருக்கும். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் விளக்கமாகச் சொல்லத் தொடங்கிவிடுவேன், அவளுக்கு அது பிடிக்காது. வெள்ளிக்கிழமைக்குக் கட்டிய பெட்டியைப் பிரித்துவிடலாம் என்றும் சொல்லுங்கள். மாமா எங்களோடேயே இருக்கட்டும். காலையில் எதிரே உட்கார்ந்து எல்லா வண்டியையும் அனுப்பட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வயதான மனிதர் தன்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான், எனக்கு என்ன வந்தாலும் வரட்டும் என்று உண்மையைச் சொன்னேன். அது ஒன்றுதான் என் நோக்கம் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆகவே அந்தப் பழுது என்ற வரியை அடித்துவிட்டு, கருவி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மிகச் சரியாக வேலை செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கீழே இடம் மிச்சமிருந்தால் மாமாவைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.